காலையில் முதல் அடி வைக்கும் முன்

கேள்வி: எனக்கு 44 வயது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது மணிக்குத்தான் காலுக்கு ஓய்வு. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கடைக்குள் செருப்பு போடக்கூடாது, கிரானைட் தரை. நாலு மாதமாக, காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது இடது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலிக்கிறது. சுவரைப் பிடித்துப் பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடும். சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும். ராத்திரி தூக்கத்தில் கால்விரல்கள் சுருண்டு இழுத்துக்கொள்கின்றன. எக்ஸ்ரேயில் "எலும்பு வளர்ந்திருக்கு" என்றார்கள். ஊசி போட்டு ஒன்றரை மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடிதான். பக்கத்து வீட்டு அக்கா செங்கல்லைச் சுடவைத்து, எருக்கிலை போட்டு மிதிக்கச் சொல்கிறார். கால்விரலுக்கும் பாதத்துக்கும் பயிற்சி இருக்கிறதாமே, எதை எப்படிச் செய்வது? என் அம்மாவுக்கு 68 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பாதம் மதமதவென்று இருக்கிறது என்கிறார். அவரும் இதையே செய்யலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் "முதல் அடி" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி நோயை அந்த இரண்டு வார்த்தையிலேயே சொல்லிவிட்டீர்கள். குதிகால் வலியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான்: எப்போது அதிகம் வலிக்கிறது? எழுந்தவுடன் உயிர் போகிறது, நடக்க நடக்கக் குறைகிறது, நாள் முடிவில் திரும்பி வருகிறது என்றால் பெரும்பாலும் அது உள்ளங்கால் பட்டையின் வலி. ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். டாக்டர்கள் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்று எழுதுவார்கள். நேரில் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. ஆனால் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். குதிகாலின் அடியில், உள்பக்கமாக, பாதத்தின் வளைவு தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். "அம்மா" என்று காலை இழுத்துக்கொள்ளும் ஒரு புள்ளி இருந்தால், இந்தப் பதில் உங்களுக்கானதுதான்.

எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தையைக் கேட்டபின் பலர் தூங்குவதில்லை. உள்ளே ஒரு முள் முளைத்து, மிதிக்கும்போதெல்லாம் சதையைக் குத்துகிறது என்று மனதில் ஒரு படம் விழுந்துவிடுகிறது. வலியே இல்லாத எத்தனையோ பேரின் பாதத்திலும் அந்த எலும்பு இருக்கிறது. வலி முழுதாகப் போன பிறகு எக்ஸ்ரே எடுத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். அதைக் கரைக்க வேண்டியதும் இல்லை, பயப்பட வேண்டியதும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இடது பாதத்தைத் தூக்கி வலது தொடைமேல் வையுங்கள். இடது கையால் கால்விரல் ஐந்தையும், முக்கியமாகக் கட்டைவிரலை, முழங்காலைப் பார்க்க மெதுவாகப் பின்னுக்கு மடக்குங்கள். வலது கைக் கட்டைவிரலை உள்ளங்காலில் ஓட்டிப் பாருங்கள். குதிகாலிலிருந்து முன்பாதம்வரை வீணைத் தந்தி போல ஒன்று விறைத்து நிற்கும். பாதத்தின் வளைவும் கண்முன்னே உயரும். விரலை விட்டால் தந்தி தளரும், வளைவு இறங்கும். அந்தத் தந்திதான் உங்கள் பட்டை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை உங்கள் எடையின்கீழ் சரிந்து பரந்துவிடாமல் கீழிருந்து இழுத்துக் கட்டியிருக்கும் கயிறுகளில் முக்கியமானது இது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிக்ஸ் என்ற மருத்துவர் 1954-ல் இதை விளக்கி எழுதினார். கிணற்று உருளையில் கயிறு சுற்றுகிற மாதிரி, கட்டைவிரல் மேலே மடங்கும்போது இந்தப் பட்டை விரலின் அடிமூட்டைச் சுற்றி இழுபடுகிறது, பாதம் விறைப்பான நெம்புகோலாகிறது, அதை உந்தித்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறோம். நடக்கும் ஒவ்வொரு அடியிலும் இது நடக்கிறது. ஆக, குதிகாலில் வலிக்கும் பட்டையின் மறுமுனை விரல்களில் இருக்கிறது. குதிகாலை மட்டும் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தவர்கள் என்னிடம் வரும்போது நான் விரலைப் பிடிப்பது இதனால்தான்.

இரவு முழுக்க என்ன நடக்கிறது? படுத்திருக்கும்போது பாதம் நடனக்காரர் கால் நீட்டுவதுபோல் கீழ்நோக்கித் தொங்கும். பட்டையும் கெண்டைக்கால் சதையும் சுருங்கிய நிலையிலேயே ஆறு மணி நேரம் கிடந்து இறுகிவிடும். காலையில் எழுந்து தடாலென்று மொத்த எடையையும் போட்டால், அந்த இறுகிய பட்டை எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் இழுபடுகிறது. நீங்கள் சொன்ன ஆணி அதுதான்.

எனவே உங்களுக்கு நான் தரும் முதல் பயிற்சி எழுந்திருப்பதற்கு முன் செய்ய வேண்டியது. பாயிலேயே எழுந்து உட்காருங்கள். சற்றுமுன் செய்தது போல இடது பாதத்தை வலது தொடைமேல் வைத்து, விரல்களைப் பின்னுக்கு இழுத்து, பத்து எண்ணும்வரை பிடியுங்கள். விடுங்கள். இப்படிப் பத்து முறை. மற்றக் கையின் கட்டைவிரல் பட்டைமேல் இருக்கட்டும். அது விறைக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபடியே செய்தால்தான் சரியாக இழுக்கிறீர்களா என்பது தெரியும். விரல் நுனியை மட்டும் பிடித்து மடக்காதீர்கள். விரல்களின் அடிப்பகுதியில் கையை வைத்து, கணுக்காலும் சேர்ந்து பின்னுக்கு வருமாறு இழுக்க வேண்டும். முடித்ததும் வெறுந்தரையில் கால் வைக்காமல் பாயின் ஓரத்தில் கிடக்கும் செருப்பில் காலை நுழையுங்கள். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகாது.

பகலில் இதையே இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள். மதியம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒன்று, இரவு பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தால் இறங்கும் முன் ஒன்று. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும் அடியும் உங்களுக்கு முதல் அடிதான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டிஜியோவானி என்ற எலும்பு மருத்துவரும் அவரது குழுவினரும், பத்து மாதத்துக்கு மேலாகக் குதிகால் வலியோடு இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்தப் பயிற்சியையும் மறு பிரிவுக்குக் கெண்டைக்கால் நீட்டலையும் கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, விரலைப் பின்னுக்கு இழுத்தவர்களுக்கு, குறிப்பாக அந்த முதல் அடி வலியில், கூடுதல் நிவாரணம் இருந்தது. 2003-ல் வெளிவந்த ஆய்வு. பத்து நொடி, பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை என்ற கணக்கும் அதில் உள்ளதுதான்.

அதற்காகக் கெண்டைக்காலை விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். உங்களைப் போல நின்றே பிழைப்பவர்களுக்கு அது கல்லாக இறுகியிருக்கும். உங்களுடையது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வீட்டுச் சுவரே சொல்லும். சுவரைப் பார்த்து நின்று, பாதத்தை நேராக வைத்து, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் முழங்காலை மடக்கிச் சுவரில் தொட முயலுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மறுபடி தொடுங்கள். குதிகால் கிளம்பாமல் தொட முடிகிற கடைசி இடத்தில், கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று டெய்லர் டேப்பால் அளந்து, காலண்டரில் தேதியோடு குறித்துவையுங்கள். பத்து செ.மீ. பக்கம் வந்தால் பரவாயில்லை. பரோட்டாக் கல்லுக்கு முன்னால் இருபது வருடம் நின்ற ஒரு மாஸ்டர் வந்திருந்தார். அவருக்கு இடது காலில் மூன்று செ.மீ. கூட வரவில்லை. அத்தனை நாள் வலியைக் குதிகாலிலேயே தேடிக்கொண்டிருந்தார்.

கெண்டைக்காலில் இரண்டு சதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே உள்ளது முழங்காலைத் தாண்டிப் போய்த் தொடை எலும்பில் ஒட்டுகிறது, கீழே உள்ளது முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. இரண்டும் சேர்ந்து குதிநாணாகிக் குதிகாலில் முடிகின்றன. அதனால் ஒரே பயிற்சியை இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நேராக நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தியபடி முன்னால் சாயுங்கள். கெண்டைக்காலின் மேல்பகுதி இழுக்கும். முப்பது எண்ணுங்கள். அடுத்து, பின்காலைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி முழங்காலை மடக்குங்கள், குதிகால் தரையிலேயே இருக்கட்டும். இழுப்பு இப்போது கீழே இறங்கிக் குதிநாணுக்குப் பக்கத்தில் வரும். அதற்கும் முப்பது. இரண்டும் மூன்று மூன்று தடவை. பின்பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் இழுப்பு சதைக்குப் போகாது, வளைவு உள்ளே சரிந்து பட்டைதான் படாதபாடு படும். நேராக வையுங்கள். ஆட்டி ஆட்டி இழுக்கவும் கூடாது. இழுப்பு தெரியலாம், சுரீரென்று வலிக்கக் கூடாது.

நம் பாட்டிமார் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டார்கள், காய் நறுக்கினார்கள், அடுப்பு ஊதினார்கள். கீழுள்ள அந்தச் சதைக்கு நாள் முழுக்கத் தானாகவே நீட்டல் கிடைத்தது. இப்போது மேடைச் சமையல், நாற்காலி, வெஸ்டர்ன் டாய்லெட். முழங்கால் வலி இல்லாதவர்கள் காலையில் குதிகால் தரையில் பதிய ஒரு நிமிடம் குந்தி உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நல்லது. முடியவில்லையென்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், சுவர் போதும்.

விரல்களுக்கு வருகிறேன். தூக்கத்தில் விரல் சுருள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விழித்திருக்கும்போதும் அவை சுருண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருமுறை கடையில் நிற்கும்போது குனிந்து பாருங்கள். வழுக்குகிற கிரானைட்டில் வெறுங்காலோடு நின்றபடி மேல்தட்டிலிருந்து சேலையை இழுக்கும்போது விரல்கள் தரையைக் கவ்விப் பிடிக்கும். வெளியே வந்தால் பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பு. அது கழன்று போகாமலிருக்க ஒவ்வொரு அடிக்கும் விரலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இப்படி வருடக்கணக்கில் கவ்வி நின்ற விரல்கள் நிமிர மறந்துவிடுகின்றன. விரல்களை மடக்கும் சதைகள் ஓங்கி, நிமிர்த்தும் சதைகளும் பாதத்துக்குள்ளேயே இருக்கும் சின்னச் சதைகளும் தளர்ந்துவிடுகின்றன.

இதனால்தான், தரையில் துண்டை விரித்து விரலால் சுருட்டுவது, புளியங்கொட்டையை விரலால் பொறுக்குவது என்று பலரும் சொல்லும் பயிற்சியை உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. வேறு சிலருக்கு அது நல்ல பயிற்சி. ஏற்கெனவே கவ்விக்கொண்டேயிருக்கும் விரலை இன்னும் கவ்வப் பழக்குவதில் உங்களுக்குப் பலன் குறைவு. உங்கள் விரல்களுக்கு விரியவும் நிமிரவும் கற்றுத்தர வேண்டும்.

இரவு கால் கழுவித் துடைத்த பிறகு, இடது பாதத்தின் விரல்களுக்கு நடுவே வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்துக் கோத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சுண்டுவிரல் பக்கம் போகவே போகாது. நுனி மட்டும் போனாலும் போதும். கோத்தபடியே முன்பாதத்தை மெதுவாக இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து சுற்றுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, பாதத்தைத் தரையில் பதித்து, கட்டைவிரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். மற்ற நான்கும் தரையில் இருக்க வேண்டும். அடுத்து கட்டைவிரல் தரையில் இருக்க, மற்ற நான்கையும் தூக்குங்கள். முதல் வாரம் மூளை சொல்வது காலுக்குக் கேட்காது. எல்லா விரலும் சேர்ந்து கிளம்பும், பாதத்தில் எங்கோ பிடித்துக்கொள்ளும். கையால் மற்ற விரல்களை அமுக்கிப் பிடித்து உதவி செய்யலாம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. விரலை மடக்காமல், கட்டைவிரலின் அடிமூட்டைக் குதிகாலை நோக்கி இழுப்பதாக நினைத்துப் பாதத்தைக் குட்டையாக்க வேண்டும். உள்ளங்காலுக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் இருப்பதாகவும் அதன்மேல் பாதம் குடைபோல் எழும்புவதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நொடி பிடித்து விட வேண்டும், பத்து முறை. இதைக் கடையில் நின்றபடியே செய்யலாம், எதிரில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

இரவில் குரக்களி இழுக்கும்போது எழுந்து குதிக்காதீர்கள். உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, விரல்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் விட்டுவிடும். படுக்கப் போகும்முன் கெண்டைக்கால் நீட்டலை ஒரு சுற்று செய்வது இதற்கும் உதவும். நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களிடம் செய்து 2012-ல் வெளியான ஒரு ஆய்வில், இரவுதோறும் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டியவர்களுக்கு ஆறு வாரத்தில் இழுப்பு வருவது குறைந்தது. கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று பகலில் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உங்கள் தொழிலில் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். நீங்களும் அப்படியென்றால் அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காலைவிடச் சிறுநீரகம் முக்கியம்.

நீட்டினால் வலி தணியும். ஆனால் பட்டைக்குப் பலம் வர அதற்கு வேலையும் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, காலை வலி கொஞ்சம் அடங்கியதும் இதை ஆரம்பியுங்கள். வீட்டுப் படிக்கட்டின் கடைசிப் படியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் விரல்கள் ஏறி நிற்க, குதிகால் வெளியே இருக்குமாறு நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணிக்கொண்டே குதிகாலை உயர்த்தி, உச்சியில் இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணிக்கொண்டே இறக்குங்கள். துண்டு விரல்களை மேலே மடக்கி வைத்திருப்பதால் ஹிக்ஸ் சொன்ன உருளை வேலை செய்யும், பட்டைமேல் நேரடியாகப் பாரம் ஏறும். முதலில் இரண்டு காலாலும், பழகியபின் வலிக்கும் காலால் மட்டும். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒன்று விட்டு ஒரு நாள். எளிதாகிவிட்டால் தோள்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொள்ளலாம். டென்மார்க்கில் இந்த முறையைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். மூன்றாம் மாத முடிவில், நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட இவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஒரு வருட முடிவில் இரு தரப்பும் ஒன்றுபோல் தேறியிருந்தார்கள். சீக்கிரம் தேறுவது உங்களுக்கு முக்கியம் என்பதால் சொல்கிறேன். செய்த அன்று கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலை முதல் அடி வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் மட்டும் சுற்றுகளைக் குறையுங்கள்.

எத்தனை நாளில் சரியாகும்? ஆறிலிருந்து எட்டு வாரத்தில் காலை வலி குறையத் தொடங்க வேண்டும். முழுதாக விடுபடப் பல மாதம் ஆகலாம். ஒரு வாரம் செய்துவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஊசியைப் பற்றி: ஒருமுறை போட்டது தப்பில்லை, தாங்க முடியாத வலிக்கு அது உதவும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலடியில் உள்ள கொழுப்பு மெத்தை மெலியலாம், பட்டை கிழியவும் வாய்ப்புண்டு. அடுத்த ஊசிக்கு முன் மூன்று மாதம் இந்தப் பயிற்சிகளுக்குக் கொடுங்கள்.

செங்கல் ஒத்தடம் உங்களுக்கு மட்டும் என்றால் நான் கோபிக்க மாட்டேன். இதமான சூடு இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான் அதன் பலன். எருக்கம்பால் தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. சூடுதான் வேண்டுமென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். மாலையில் வீங்கி வலிக்கும்போது, தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றிப் பாதத்தடியில் பத்து நிமிடம் உருட்டலாம்.

உங்கள் அம்மாவுக்குச் செங்கல் கூடவே கூடாது. வெந்நீர்த் துண்டும் வேண்டாம், உறைந்த பாட்டிலும் வேண்டாம். மதமதப்பு என்றால் நரம்பு உணர்வை இழக்கத் தொடங்கியிருக்கலாம் என்று அர்த்தம். சுடுகிறது என்று கால் சொல்லாது, கொப்புளம் வந்த பிறகு கண்தான் சொல்லும். வேலூரில் தொழுநோயாளிகளுக்காக உழைத்த டாக்டர் பால் பிராண்ட், அந்தக் கால்களில் புண் வருவதற்குக் காரணம் அழுகும் சதை அல்ல, வலி தெரியாமல் மிதித்து மிதித்து நேரும் காயம்தான் என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரையால் உணர்வு போன பாதத்துக்கும் அதே கதைதான். மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு தொழுநோயாளிகளின் கால்களைக் காத்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே எழுதிக் கொடுக்கிறோம். அம்மாவுக்கு அது ஒரு ஜோடி வாங்குங்கள், வீட்டுக்குள் போடவும் சேர்த்து.

அம்மா பயிற்சி செய்யலாம், உட்கார்ந்தபடி மட்டும். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, விரல்களை விரித்து மூடுவது, கையால் விரல்களை மெதுவாகப் பின்னுக்கு இழுப்பது. படிக்கட்டுப் பயிற்சி அவருக்கு வேண்டாம், உணர்வில்லாத பாதத்தால் தடுமாறி விழுந்தால் பெரிய வினை. ஒவ்வொரு முறை தொடங்கும் முன்னும் நீங்கள் அவர் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாகம், விரலிடுக்கு, நகத்தோரம். சிறு வெடிப்பு, சிவப்பு, நிறமாற்றம் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, டாக்டரிடம் போக வேண்டும். இந்த மாதமே சர்க்கரை மருத்துவரிடம் அழைத்துப் போய், மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, வலிக்காது. மதிய வெயிலில் கோயில் பிரகாரம் சுற்ற விடாதீர்கள். கல் தரையில் பாதம் வெந்து, வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டவர்களுக்கு நான் கட்டு மாற்றியிருக்கிறேன். நீங்களும் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், தாய்க்கு இருக்கிறதல்லவா?

செருப்பு வாங்கும்போது மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி முழு அளவில் இருக்கும். ஒரு காகிதத்தின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டி எடுத்துப் போங்கள். செருப்பின்மேல் அந்தக் காகிதத்தை வைத்தால், எந்தப் பக்கமும் வெளியே நீட்டக்கூடாது. பின்னால் பட்டை இருக்க வேண்டும். இரு கையாலும் மடக்கினால் விரல் பகுதியில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மெட்டி போட்டிருந்தால் அதையும் பாருங்கள். இரவில் கழற்றினால் விரலில் பள்ளம் தெரிகிறதென்றால் அது இறுக்கம். கழற்றச் சொன்னால் மனம் ஒப்பாது என்று தெரியும், வாய் திறந்த மெட்டியாக இருந்தால் ஒரு சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இல்லை. காலையில் மூன்று நிமிடம் நீட்டிவிட்டு, பதினோரு மணி நேரம் கல் தரையில் வெறுங்காலோடு நின்றால் பயிற்சி பாதிதான் ஜெயிக்கும். உட்காருவது உங்களுக்குச் சலுகை அல்ல, சட்டம். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளியும் ஜவுளிக்கடைப் பெண்களும் வருடக்கணக்கில் போராடி, 2018-ல் கேரளத்தில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021-ல், 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே கிடைக்கும் வாய்ப்பில் உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. தனியாகக் கேட்க பயமாக இருந்தால், உடன் வேலை பார்க்கும் நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிப் போய், வாடிக்கையாளர் இல்லாத நேரம் உட்கார ஸ்டூலும், கடைக்குள் மட்டும் போட ஒரு மென்மையான செருப்பும், நிற்கும் இடத்தில் ரப்பர் பாயும் கேளுங்கள். கிடைக்கும்வரை, கவுண்டருக்குப் பின்னால் ஒரு மணைப்பலகை போட்டு, ஒரு காலை அதன்மேல், பத்து நிமிடம் கழித்து மறுகாலை என்று மாற்றிக்கொண்டே இருங்கள். சேலை மடிக்கும் நேரத்தில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், விரல்களைத் தூக்கி விரியுங்கள். அசையாமல் நிற்பதுதான் காலுக்கு ஆகாது.

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். குதிகாலை இரு பக்கமும் கையால் அமுக்கினால் துடிக்க வலிப்பது, படுத்திருக்கும்போதும் விடாமல் வலிப்பது, பாதத்தில் மரத்துப்போதலோ எரிச்சலோ, கை மூட்டுகளும் சேர்ந்து காலையில் அரை மணிக்கு மேல் இறுகிக் கிடப்பது. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதைத் தேய்க்கவோ நீட்டவோ கூடாது.

இன்றிரவு கடையிலிருந்து வந்ததும் சுவர் அளவை எடுத்துக் காலண்டரில் எழுதுங்கள். படுக்கும்முன் செருப்பைத் துடைத்துப் பாயின் ஓரத்தில், கால் எட்டும் தூரத்தில் வையுங்கள். எட்டு வாரம் கழித்து அந்த இரண்டாவது அளவையும், காலையில் எத்தனையாவது அடியில் வலி விடுகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். அம்மாவின் பாதச் சோதனையில் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து.